வாளி நிரப்பாத காலை

பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பெயர் லேப் அக்கா. டீச்சர் அல்ல. குடுவைகளைக் கழுவித் துடைத்து அடுக்குவதும், ஸ்பிரிட் விளக்குக்குத் திரி போடுவதுமாகப் பத்தொன்பது வருடங்கள் ஓடிவிட்டன. வருடத்தில் ஒரே ஒரு மணி நேரம் மட்டும் அவள் டீச்சராவாள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பைன் மரப் பிசினிலிருந்து வாசனை எண்ணெய் இறக்கிக் காட்டும் அந்த ஒரு மணி நேரம்!

இந்த வருடம் தலைமை ஆசிரியை போகிற போக்கில் சொன்னார்.

"உங்க தங்கச்சி எண்ணெய் ஃபாக்டரியிலதானே இருக்காங்க? அவங்களையே வகுப்பெடுக்கக் கூப்பிட்டுட்டேன். நீங்க கூடமாட இருந்து எடுத்துக் கொடுங்க."

கூடமாட! அந்த ஒரு சொல் அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

பல வருடங்களுக்கு முன் அந்த ஃபாக்டரியில் காலியாக இருந்தது ஒரே ஓர் இடம். அக்கா, தங்கை இருவருமே எழுதிப் போட்டார்கள். "சின்னவ ஆசைப்படறா, நீ விட்டுக்கொடும்மா" என்றார் அப்பா. விட்டுக்கொடுத்தாள். நல்லவள் என்ற பெயர் அக்காவுக்கு வந்தது, வேலை தங்கைக்குப் போனது. வெறும் பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

லேப் குழாயில் பதினொரு மணிக்குத் தண்ணீர் நின்றுவிடும். தோட்டத்துக்குத் திருப்பிவிடுவார்கள். பிசின் கொதித்து வரும் ஆவியைக் குளிரவைக்கவோ தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் வருடா வருடம் இரண்டு வாளிகளை நிரப்பி ஸ்டூல் மேல் வைத்து, அதிலிருந்து ரப்பர் குழாய் போட்டுவிடுவாள். இது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. அன்று காலை வாளிகள் கதவுக்குப் பின்னால் கவிழ்ந்தே கிடந்தன.

மறக்கவில்லை. 'எண்ணெய் வராம திருதிருன்னு முழிக்கட்டும். அவ்வளவுதானே?'

தங்கை சிரித்துக்கொண்டே வந்தாள். "என்னக்கா, மூஞ்சி உர்ருன்னு இருக்கு? தலைவலியா?"

"ஒண்ணுமில்லை. நீ உன் வேலையைப் பாரு."

ஸ்பிரிட் விளக்கை ஏற்றிவிட்டுத் தங்கை ஒரு பிசின் கட்டியை உயர்த்திக் காட்டினாள். "மரத்துக்கு அடிபட்டா இதைச் சுரந்து தன் புண்ணைத் தானே மூடிக்கும். உங்க முழங்கால்ல பொருக்குத் தட்டுதே, அதுமாதிரி."

"அப்ப மரத்தோட பொருக்கையா மோந்து பாக்கறோம்? உவ்வே!" என்றான் ஒரு வாலு. வகுப்பே குலுங்கிச் சிரித்தது. லேப் அக்காவின் வகுப்பில் யாரும் இப்படிச் சிரித்ததில்லை.

"கை நிறையப் பிசின் போட்டாலும் சில சொட்டுதான் எண்ணெய் வரும். அதனால ரொம்பக் காரமானது. குடிக்கக் கூடாது, அப்படியே தோல்ல தடவவும் கூடாது" என்றாள் தங்கை.

முன்வரிசைச் சிறுமி தங்கையின் கையைப் பிடித்து மோந்தாள். "ஆன்ட்டி, உங்க கையெல்லாம் காட்டு வாசனை! லேப் அக்கா மேல ஸ்பிரிட் நாத்தம்தான் வரும்."

பொய்யில்லை. அதனால்தான் அப்படிச் சுட்டது.

சொட்டுச் சொட்டாக விழுந்த எண்ணெய் தண்ணீர் மேல் மெல்லிய படலமாக மிதந்தது. பிள்ளைகள் எண்ணினார்கள். பதினொரு மணி. குழாய் இருமியது, நின்றது. தங்கை திரும்பிப் பார்க்கவே இல்லை. ஃபாக்டரியில் தண்ணீர் நிற்பதே கிடையாதே!

சொட்டும் நின்றது. எண்ணெய் இறங்கிய கண்ணாடிக் குழாயின் முனையில் குப்பென்று ஆவி சீறியது.

"எண்ணெய் எங்க போச்சு?" பிள்ளைகள் முண்டியடித்து மூக்கை நீட்டினார்கள். சிறுமியின் பின்னல் சுடருக்கு ஒரு சாண் தள்ளி ஆடியது. அந்த ஆவியோ தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும்!

ஐயோ, இதை அவள் நினைத்துப் பார்க்கவில்லையே!

"தள்ளுங்க!" ஒரே பாய்ச்சலில் சிறுமியை இழுத்து அணைத்து, விளக்கின் மேல் மூடியைக் கவிழ்த்தாள்.

வகுப்பைப் பார்க்க வந்து வாசலில் நின்ற தலைமை ஆசிரியை நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "நல்லவேளை நீங்க இருந்தீங்க! அடுத்த வருஷம் நீங்களே எடுங்க." பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"தப்பு என்னுதுதான் மேடம். தண்ணியை நான் கவனிச்சிருக்கணும்" என்று தங்கை தலைகுனிந்தாள்.

இந்தக் குனிந்த தலையைப் பார்க்கத்தானே இத்தனை வருடம் காத்திருந்தாள்! பின் ஏன் அது இனிக்கவில்லை?

"இல்ல மேடம். தண்ணி நிக்கும்னு எனக்குத் தெரியும். வேணும்னேதான் வாளி நிரப்பலை."

தலைமை ஆசிரியையின் முகம் இறுகியது. "அடுத்த வருஷம்னு சொன்னதை மறந்துடுங்க. மத்தியானம் என் ரூமுக்கு வாங்க."

அவர் போனதும் தங்கை மெல்லக் கேட்டாள். "ஏன்க்கா?"

"எனக்குன்னு இருந்தது இந்த ஒரு மணி நேரம்தான்டி."

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் வந்தே இருக்க மாட்டேனே!"

"கேட்கத் தெரிஞ்சிருந்தா அன்னைக்கு அப்பாகிட்டயே கேட்டிருப்பேனே."

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கதவுக்குப் பின்னால் போய் இரண்டு வாளிகளையும் எடுத்து, ஒன்றை அக்காவிடம் நீட்டினாள். "தண்ணி எங்க பிடிக்கணும்?"

"தோட்டத்துக் குழாயில."

இருவரும் நடந்தார்கள். முன்வரிசைச் சிறுமி ஓடி வந்து தங்கையின் வாளியைப் பிடித்துக்கொண்டாள். லேப் அக்காவுக்கு அப்போதும் கொஞ்சம் எரியத்தான் செய்தது.