எந்தப் பக்கமிருந்து மூன்றாவது?

தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்தால் ஆம்புலன்ஸும் கிரேனும் ஒரே இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்காகச் சம்பளம் வாங்கிய கன்ட்ரோல் ரூம் இன்சார்ஜ் நான்.

கிரேன் ஷெட் மலைக்கு மேலே, தருமபுரிப் பக்கம். ஆம்புலன்ஸ் நிற்பது அடிவாரத்தில். அவரவர் ஷெட்டிலிருந்து வளைவுகளை எண்ணுவது அவரவர் வழக்கம். கிரேனுக்கு முதல் வளைவு ஆம்புலன்ஸுக்குக் கடைசி. இனி எல்லோருக்கும் கிலோமீட்டர் கல் எண்தான் என்று தசமப்புள்ளியோடு பட்டியல் போட்டு, லேமினேட் செய்து கொடுத்தேன்.

கிரேன் ஆபரேட்டர் மாது அதன்மேல் இட்லி வைத்துச் சாப்பிட்டார். "நல்ல அட்டைங்க சார். எண்ணெயே ஊறல."

ஆம்புலன்ஸ் டிரைவர் ஜெயசீலன் மரியாதைக்காரர். "மேல இருக்கறவங்க எங்கள மாதிரி எண்ணுனா பிரச்சனையே இல்லீங்களே சார்?"

இப்படியே எட்டு மாதம்.

ஒருநாள் காலை ஒரு பஸ் டிரைவர் போன் செய்தார். மூணாவது வளைவில் லாரி கவிழ்ந்து கிடக்கிறது, டிரைவரின் கால் கேபினுக்குள் மாட்டியிருக்கிறது. கல் எண்தான் என்று சொன்ன இதே வாயால் வாக்கி டாக்கியில் கத்தினேன்: "மூணாவது வளைவு, சீக்கிரம்!"

"வந்துட்டோம்ங்க, இங்க லாரியே இல்லீங்க" என்றார் ஜெயசீலன்.

"நான் மூணாவதுலதான் நிக்கறேன். லாரி எங்க நிக்குதுன்னு அதைக் கேளுங்க" என்றார் மாது.

சின்ன வளைவுகளைப் பஸ் டிரைவர் கணக்கிலேயே சேர்க்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அதற்குள் மாட்டிக்கொண்டவரே போனில் வந்தார். "சார், கால்ல உணர்ச்சியே இல்ல."

"கிலோமீட்டர் கல்லு ஏதாச்சும் தெரியுதாங்க?"

"வானந்தான் தெரியுது. அங்க யாரு சார் சண்டை போடறது?"

"உங்களைக் காப்பாத்த வர்றவங்க."

"கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க. ஹாரன் அடிக்கறேன்."

அடித்தார். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவர் ஏறினார், ஒருவர் இறங்கினார். கேபினை நிமிர்த்தி ஆளை எடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் காலை எடுத்திருப்போம் என்று டாக்டர் என்னைத்தான் பார்த்துச் சொன்னார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில், ஆரஞ்சுப் பழப் பையைக் கட்டிலில் வைத்த கையோடு இருவரும் ஆரம்பித்தார்கள்.

"அது மேலருந்து நாலாவது."

"கீழருந்து அஞ்சாவது. நீங்களே சொல்லுங்கண்ணா, எத்தனாவது?"

"பிரேக் புடிக்காத வண்டியில எவன்யா வளைவு எண்ணுவான்?" என்றார் லாரிக்காரர்.

அந்த வாரமே வளைவுக்கு வளைவு, வழிப்போக்கர் கண்ணிலும் படுகிற மாதிரி, ஆள் உயரத்துக்கு மஞ்சள் எண் எழுதினோம். பெயின்ட் வாளியை மாது தூக்கி வந்தார்.

பொது விதி எழுதப்போகும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று. என் பட்டியலில் கிரேன் இருந்தது, ஆம்புலன்ஸ் இருந்தது, என் கையெழுத்தும் அழகாக இருந்தது. உதவிக்குக் கூப்பிடுகிற ஆள்தான் அதில் இல்லை.