சில்வஸ்டர் வீட்டு செகண்ட் சிடி

கூடலூரில் பஸ் ஏறி, ஊட்டி, மேட்டுப்பாளையம், சென்னை என்று போய், அங்கிருந்து கப்பல் பிடித்து அமெரிக்கா வரைக்கும் தேடினாலும் சில்வஸ்டர் வீட்டில் இருந்ததைப் போல ஒரு சினிமாக் களஞ்சியம் கிடைக்காது. அரசாங்கமே ஒருநாள் வந்து அந்த லைன் வீட்டைச் சுற்றி வேலி போட்டு, பார்க்க வருகிறவர்களைச் செருப்பைக் கழற்றச் சொல்லும் என்று எஸ்டேட்டில் ஒரு பேச்சு இருந்தது. பேச்சைக் கிளப்பியவர் சில்வஸ்டர்தான். களஞ்சியம் என்பது டிவிக்கு மேலே ஆணியடித்த ஒரு பலகை. பலகை என்பது பழைய தேயிலைப் பெட்டியின் மூடி. அதன்மேல் பதினோரு படம், படத்துக்கு ரெண்டு சிடி.

அந்தப் பதினொன்றுக்கு அவர் பட்ட பாட்டை ஆண்டவர்கூடப் பட்டிருக்க மாட்டார்.

தேயிலை விலை படுத்துப்போன காலம் அது. பறிக்க ஆளில்லாத செடிகள் தலைக்கு மேல் வளர்ந்து மரமாகிக்கொண்டிருந்தன. ஃபேக்டரி வாரத்தில் பாதி நாள் இருமிக்கொண்டே ஓடும், மீதி நாள் படுத்துவிடும். சம்பளத்தின் ஒரு பங்குக்குப் பதிலாக, யாரும் வாங்காத டஸ்ட் தூளைப் பாக்கெட் போட்டுக் கொடுத்தார்கள். கட்டிலுக்கு அடியில் தூள், பீரோவுக்கு மேல் தூள். ஒரு வீட்டில் தலையணையே தூளாக இருந்தது. லைனில் பாதிப் பேர் திருப்பூருக்குப் போனார்கள். சில்வஸ்டரின் மனைவி பிரிஸில்லாவும் போனாள், பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்கு. மூன்று மாதம்தான் என்று சொல்லிப் போனவள் அடுத்த ஈஸ்டருக்குத்தான் வந்தாள். அதுவும் ரெண்டே நாள்.

வந்தவள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்:

"ஏனுங்க, இங்க என்னதான் இருக்குது? மழை, அட்டை, உங்க மூஞ்சி. அங்க ஞாயித்துக்கெழமை ஆனா நாங்க நாலு பொம்பளைங்க சேந்து படத்துக்குப் போயிருவோம். ஒரு வாரம் சிரிப்புப் படம், ஒரு வாரம் பேய்ப் படம், ஒரு வாரம் அழுகைப் படம். இங்க இருந்த கேபிளையும் வெட்டிட்டு போயிட்டானுங்க."

அவள் விளையாட்டுக்குச் சொன்னாள். சில்வஸ்டர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டிருந்தால் அங்கேயே "போகாதே, இரு" என்று சொல்லியிருக்கலாம். அது அவர் வாயில் வராது. கல்யாணத்தன்று மாதா கோயிலில் சாமியார் "சம்மதமா?" என்று மூன்று தடவை கேட்டபிறகுதான் ஒரு முனகல் வந்ததாம். அப்படிப்பட்ட மனிதர், கிறிஸ்துமஸுக்கு அவள் வருவதற்குள் எல்லா ரகப் படமும் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார். இருந்தால் அவள் எதற்குத் திரும்பிப் போகிறாள்?

கூடலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் செல்லதுரை சிடி வாடகைக் கடை வைத்திருந்தார். வாடகைக்கு எடுக்க ஆளில்லாமல், இருந்த படங்களை வந்த விலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். ஆளுக்குத் தமிழ் பாதி, மலையாளம் பாதி. சில்வஸ்டர் கொண்டுபோன தூள் பாக்கெட்டைப் பார்த்ததும் தலையில் கைவைத்தார்.

"அய்யோ சேட்டா! எல்லாரும் தூளே கொண்டுவந்தா நான் சிடிக் கடை வெக்கறதா, டீக்கடை வெக்கறதா?"

"டீக்கடை வெய்ங்க. அதாவது ஓடும்."

தூளுக்குப் படம் என்று இப்படித் தொடங்கியது வியாபாரம். ஆனால் படம் தேர்ந்தெடுப்பதில் சில்வஸ்டருக்கு ஒரு முறை இருந்தது. ஃபேக்டரியில் தூள் சலித்துத் தரம் பிரிக்கிற இடத்தில் அவருக்கு இருபது வருட வேலை. சாக்கின் வாயைத் திறந்து, மேலே ஒரு கைப்பிடி அள்ளி, உள்ளங்கையில் பரப்பிப் பார்த்து இன்ன தரம் என்று சொல்லிவிடுவார். அதே முறை.

"படம் பூராவும் எதுக்குங்க பாக்கோணும்? சாக்கு பூராவையுமா கொட்டிப் பாக்கறோம்? மேல ஒரு கைப்பிடி போதும்."

கடை டிவியில் ஒவ்வொரு படத்துக்கும் முதல் ஐந்து நிமிடம். ரகம் சொல்லிவிடுவார். மகன் டெனின், ஒன்பதாவதில் ரெண்டு தடவை உட்கார்ந்து களைத்துப்போய்ப் பள்ளிக்கூடத்துக்கே ஓய்வு கொடுத்துவிட்ட பையன், பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பான். நல்ல பிள்ளை, வாயே திறக்க மாட்டான்.

ஆனால் தேயிலைச் சாக்குக்கு இருக்கிற நாணயம் சினிமாவுக்கு இல்லை. மேலாகப் பார்த்தால் எல்லாப் படமும் ஒரே தூள். சூரியன் உதிக்கும், ஒருவன் சைக்கிளில் வந்து சாணியில் விழுவான், பெண்கள் குடத்தோடு சிரிப்பார்கள், பாட்டு. முதல் நிமிடத்திலேயே போலீஸ்காரர் வந்தாரே என்று துப்பறியும் படமாக வாங்கியது ஒன்று. அந்தப் போலீஸ்காரர் வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுந்தவர், கடைசிவரை எழுந்திருக்கவே இல்லை. ஒரே இருட்டாக இருக்கிறதே என்று பேய்ப் படமாக வாங்கியது இன்னொன்று. படத்திலேயே கரண்ட் போயிருந்ததாம், அவ்வளவுதான். குடும்பப் படம் என்று நம்பி வாங்கியதைப் பார்க்க, பக்கத்து வீட்டு வேலாமணி பிள்ளைகளையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அரை மணி நேரம் கழித்துக் கிணற்றுக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் தனியாக ஊர்ந்து வந்தது.

"ஏனுங்க சில்வஸ்டரண்ணா, இதுதான் உங்க குடும்பப் படமா? எந்தக் குடும்பமுங்க? எம்புள்ளைங்க இனி தனியா வெளிக்குப் போகுமா?"

வேலாமணியின் சின்னவன் அதற்கப்புறம் ஒரு வாரம் கிணற்றுத் தண்ணீரே குடிக்கவில்லை. சில்வஸ்டர் பையைத் தூக்கிக்கொண்டு மறுபடி கூடலூருக்குப் போனார். மாற்றினார். மறுபடி மாற்றினார். செல்லதுரை தூரத்தில் அவர் தலை தெரிந்தாலே ஷட்டரைப் பாதி இறக்கத் தொடங்கினார்.

கடைசியில் வேறு வழியில்லாமல், இருபது வருட முறையைக் கைவிட்டு, ஃபேக்டரி படுத்த நாட்களில் ஒவ்வொரு படத்தையும் அடி முதல் நுனி வரை உட்கார்ந்து பார்த்தார். கண் சிவந்துவிட்டது. சண்டை, சிரிப்பு, பேய், துப்பறிவு என்று ஒருவழியாகத் தேறின. பக்திக்கு ஒன்று, சாமியார் என்றைக்காவது வீட்டுக்கு வந்தால் கண்ணில் படட்டும் என்பதற்காக. அதை மட்டும் யாரும் திறந்ததில்லை.

அழுகைப் படம்தான் அவருக்கு உயிராகிவிட்டது. ஒரு பெண் புருஷனையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு உப்பளத்துக்கு வேலைக்குப் போகிறாள். லாரி ஏறுகிறாள், லாரி வளைவில் திரும்பி மறைகிறது. அதோடு முதல் சிடி முடிந்துவிடும். செகண்ட் சிடியைச் சில்வஸ்டர் தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தார். அடுத்த நாள் மறுபடியும் பார்த்தார். வாயால் சொல்ல வராததையெல்லாம் அந்த சிடியே பிரிஸில்லாவிடம் சொல்லிவிடும், தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும் என்று நிம்மதியாக அதைப் பலகையின் நடுவில் வைத்தார்.

டிசம்பர் பிறந்ததும், எல்லாம் சரியாக ஓடுகிறதா என்று ஒருமுறை போட்டுப் பார்த்தார். முதல் சிடி முடிந்து லாரி மறைந்தது. துண்டைத் தயாராக எடுத்துக்கொண்டு செகண்ட் சிடியைப் போட்டார். ஒரு தடியன் வேட்டி எருமைக் கொம்பில் மாட்டிக்கொள்ள, அண்டர்வேரோடு வயலில் ஓடிக்கொண்டிருந்தான்.

சிரிப்புப் படத்தின் செகண்ட் சிடி இதற்குள் எப்படி வந்தது? சிரிப்புப் படத்தின் பெட்டியைத் திறந்தார். அதில் ஒன்றுதான் இருந்தது. சண்டை, பேய், துப்பறிவு எதிலும் இல்லை. விடிந்ததும் கூடலூர்.

"ஏமாத்திப்போட்டீங்களே செல்லதுரை!"

"எந்தா சேட்டா இது? ரெண்டு தடவை பாத்தேன்னு நீங்கதானே சொன்னது? பாத்த படம் எங்ஙனே மாறும்? கள்ளன் உங்க வீட்டுக்குள்ளயாக்கும்."

சில்வஸ்டர் எலியைச் சந்தேகப்பட்டார். வேலாமணியின் பிள்ளைகளைச் சந்தேகப்பட்டார். கட்டிலைப் புரட்டினார், தூள் மூட்டைகளைப் புரட்டினார். மகனையும் கூடச் சேர்ந்து தேடச் சொன்னார். அவன் எல்லாரையும்விட மும்முரமாகத் தேடினான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பிரிஸில்லா வந்தாள். மகனுக்குப் பால்போல வெள்ளையாக நாலு பனியன், சில்வஸ்டருக்கு ஒரு ஸ்வெட்டர். பலகையைப் பார்த்துவிட்டு, "அடேயப்பா, தியேட்டரே கட்டிப்போட்டீங்களா?" என்றாள். சில்வஸ்டரின் காது சிவந்தது. பேய்ப் படத்துக்கு அவள் பயப்படவில்லை, சண்டைப் படத்தில் பாதியில் தூங்கிவிட்டாள். அழுகைப் படத்துக்கு மட்டும் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த கை நின்றுபோனது. லாரி வளைவில் திரும்பியது. திரை கறுத்தது.

"அடுத்த சிடியைப் போடுங்க."

சில்வஸ்டர் என்ன செய்வார்? எருமையைப் போட்டார்.

பிரிஸில்லா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அது சரி, அந்த உப்பளத்துக்காரி என்னானா?"

"அது... பாத்தாத்தான் தெரியும்."

"நீங்க பாத்தீங்கல்ல, சொல்லுங்க."

"வாயில சொல்ற சமாச்சாரமில்ல."

"உங்களுக்கு எதுதாங்க வாயில சொல்ற சமாச்சாரம்?"

பட்டாணித் தொலியை முறத்தில் அள்ளிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். சில்வஸ்டர் எருமையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைக் கல்லால் அடிக்கலாம் போல இருந்தது அவருக்கு.

புது வருஷம் பிறந்தது. மறுநாள் மத்தியானம் மூன்று மணிக்கு அவளுக்கு பஸ். அன்று காலையில் டீ குடித்துக்கொண்டே சில்வஸ்டர் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "விறகுக்குப் போயிட்டு வந்து ஒவ்வொரு பெட்டியாத் தொறந்து பாக்கப் போறேன். பக்திப் படத்தையும் சேத்து."

சொல்லிவிட்டு அரிவாளை எடுத்துக்கொண்டு போனார். போவதற்கு முன், பலகைப் பக்கம் திரும்பி, மற்றவர்களுக்கு முதுகைக் காட்டிக் கொஞ்ச நேரம் நின்றதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இருப்பதிலேயே நைஸான டஸ்ட் தூள், ஊதினால் பறக்கிறது, பெட்டிக்கு ஒரு சிட்டிகை. ஈரம் பட்டால் பிடித்துக்கொள்ளும், துடைக்கத் துடைக்கப் பரவும். சலிக்கிற இடத்தில் வேலை பார்த்தவன் சட்டை வெள்ளையாக இருந்ததாகச் சரித்திரமில்லை.

மத்தியானம் திரும்பி வந்தார். விறகைப் போட்டார். பெட்டி ஒன்றையும் திறக்கவில்லை. உள்ளறையில் பிரிஸில்லா சேலைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். டெனின் தட்டைப் போட்டுச் சாப்பிட உட்கார்ந்திருந்தான். புது பனியன். அதன் இடுப்புப் பக்கம் நாலு விரல் தடம், பழுப்பாக, அச்சுக் குத்தியதுபோல.

"கையைக் காட்டு."

"சோத்துக் கைங்கப்பா."

"மத்த கை."

நகக்கண் நாலிலும் தூள். சில்வஸ்டர் அவன் முதுகுப்புறம் கையை விட்டு, பனியனுக்குள் செருகியிருந்த சிடியை உருவினார். உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது.

"பக்திப் பெட்டியிலயா வெச்சிருந்தே? எதுக்குடா? வெளையாட்டா?"

டெனின் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "மொதல்ல வெளையாட்டுத்தான்" என்று சொல்லிப் பார்த்தான். அவர் அதை நம்பவில்லை என்று முகமே சொன்னது. "நீங்க துண்டை மூஞ்சில வெச்சுட்டு அழுதீங்கல்ல. கதவுச் சந்துல பாத்தேன். அந்தம்மா செத்துப் போயிருப்பாங்கன்னு நெனச்சேன். நம்ம அம்மா அதைப் பாத்துட்டு பஸ் ஏறுனா..."

"நீ படத்தைப் பாத்தியா?"

"இல்லீங்கப்பா."

"பாக்காமயா?"

"நீங்கதானே சொன்னீங்க, மேல ஒரு கைப்பிடி போதும்னு."

சில்வஸ்டருக்கு வந்த கோபத்தில், கோயிலில் மூன்று தடவை கேட்டும் வராத குரல், லைன் கடைசி வீடு வரைக்கும் கேட்டது.

"அவ சாகலடா கழுதை! ஊட்டுக்குத் திரும்பி வந்தர்றா! அதுக்குத்தான்டா அழுதேன்!"

உள்ளறை வாசலில், பாதி மடித்த சேலையோடு பிரிஸில்லா நின்றிருந்தாள். சில்வஸ்டர் சிடியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். மறைத்து என்ன பிரயோஜனம்?

"முடிவைச் சொல்லிப்போட்டீங்களே," என்றாள் அவள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் சேலையைக் கதவின் மேல் போட்டுவிட்டு டிவிக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். "சரி, எப்படி வர்றான்னாவது பாக்கறேன். போடுங்க. அஞ்சரைக்கும் ஒரு பஸ் இருக்குது."

சில்வஸ்டர் சிடியைச் சட்டையில் துடைத்தார். தூள் அதிலும் ஒட்டியிருந்தது. துடைத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தார்.

டெனின் டெனின் என்று இவ்வளவு நேரம் யாரோ ஊரான் பிள்ளையைச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு வந்தவனுக்கு இனி ஒளிய இடமில்லை. தட்டை நகர்த்திவிட்டு எழுந்து கை கழுவப் போனேன்.

"ரெண்டு கையையும் கழுவுடா," என்றார் அப்பா. "சோப்புப் போட்டு."