நூலக்காவின் முடிச்சுகள்

எங்கள் டிக்கெட் அலுவலகத்தில் அவரை எல்லோரும் நூலக்கா என்றுதான் கூப்பிடுவோம். மேசைமேல் ஒரு பூகோள உருண்டை, இழுப்பறையில் ஒரு சிவப்பு நூல். நூலில் ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முடிச்சு. விமான நேரமெல்லாம் அட்டவணையில் அச்சாகி வந்தாலும், தானே ஒருமுறை அளந்து கணக்குப் போட்டுவிட்டுத்தான் பேனாவைத் திறப்பார். பக்கத்து மேசைக்காரனான எனக்கு வாய் சும்மா இருக்குமா? "பட்டம் விடப் போறீங்களாக்கா?" என்பேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவே மாட்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தையல்காரர் ஒருவர், கழுத்து டேப்பைக் கூடக் கழற்றாமல் ஓடி வந்தார். கடல் தாண்டி இருக்கும் அவருடைய அண்ணனுக்கு வியாழன் காலை பத்து மணிக்கு இதய ஆபரேஷன்.

"பதினோரு வருஷமா பேசிக்கல சார். உள்ள கொண்டுபோறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த பேசிடணும்."

மளமளவென்று எழுதிக் கொடுத்தேன். புதன் மதியம் கிளம்பி, மூன்று மணிக்கு இடையில் ஓர் ஊரில் இறங்கி, நாலேகாலுக்கு வேறு விமானம். நூலக்கா தாளை வாங்கினார். எங்கள் ஊரிலிருந்து அந்த இடை ஊர் வரை உருண்டையில் நூலை வைத்தார். நாலேகால் முடிச்சு, அதாவது நாலாயிரத்து இருநூற்றைம்பது கிலோமீட்டர்.

"மணிக்கு எண்ணூத்தம்பது போனா அஞ்சு மணி நேரம். ஏற இறங்க அரை மணி. மேற்க போறதால எதிர்க்காத்துக்கு ஒரு அரை மணி. ஆறு ஆகணும். இந்தத் தாள்ல அஞ்சுதான் வருது."

சட்டென்று உறைத்தது. அந்த இடை ஊரில் கோடைக்காலத்துக்காகப் போன ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருந்தார்கள். முதல் விமானத்துக்குப் பழைய அட்டவணையையும் இரண்டாவதற்குப் புதியதையும் பார்த்திருக்கிறேன். தையல்காரர் உண்மையில் இறங்குவது நாலு மணிக்கு. அடுத்த விமானத்தைப் பிடிக்கவே முடியாது. நூலக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

"அட்டவணை மாறிடுச்சுங்க. வடக்கு வழியா போட்டுத் தரேன். வியாழன் காலைல ஆறு நாப்பதுக்கு அண்ணன் ஊர்ல இறங்கிடலாம்" என்றார் தையல்காரரிடம்.

அவர் சுவர் வரைபடத்தைப் பார்த்துப் பதறினார். "அவ்வளவு மேல போய்ச் சுத்தணுமாம்மா?"

நூலக்கா உருண்டையில் எங்கள் ஊர், அண்ணன் ஊர் இரண்டிலும் விரலை அழுத்தி நூலை இறுக்கினார். நூல் தானாகவே வடக்கே ஏறி நின்றது; உருண்டையில் அதுதான் கிட்டத்து வழி. தையல்காரர் கழுத்து டேப்பைத் தொட்டுக்கொண்டார்.

"புரிஞ்சுதும்மா. அந்தப் படம் மேசையில விரிச்ச துணி. இந்த உருண்டை உடம்பு."

இத்தனை வருடம் பக்கத்திலேயே இருந்தும் எனக்குப் புரியாதது அது.

வெள்ளிக்கிழமை தையல்காரரிடமிருந்து போன் வந்தது. "எத்தன மணிக்கு இறங்குனீங்க?" என்றுதான் நூலக்கா முதலில் கேட்டார்.

"பத்து நிமிஷம் லேட்டாம்" என்றார் போனை வைத்துவிட்டு. "அண்ணன் கையப் பிடிச்சுக்கிட்டு நாப்பது நிமிஷம் பேசினாராம். ஆபரேஷன்ல இருந்து அண்ணன் திரும்பி வரல."

என் தாளை நம்பிப் போயிருந்தால் அந்த நாற்பது நிமிடம் அவருக்குக் கிடைத்திருக்காது. அது யாருடைய தப்பு என்று நூலக்கா அன்றும் சொல்லவில்லை, இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

கையை நீட்டினேன். "அக்கா, அந்த நூலக் கொஞ்சம் குடுங்க."

சிரிக்காமல் கொடுத்தார்.