துபாயிலிருந்து அப்பாவோடு பேச: ஒரு சிம் கார்டும் சத்வா நெட் கடையும்

துபாய்க்குப் போகிறேன், எந்த சிம் வாங்கலாம், நெட் எங்கே கிடைக்கும் என்று கேட்டு இந்த வலைப்பூவுக்குக் கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது. ஆகவே போன மே மாதம் போய் நாற்பது நாள் அங்கே இருந்த கதையை முழுசாகவே எழுதிவிடுகிறேன். விலையெல்லாம் 2007 மே மாத விலை. ஒரு திர்ஹாமுக்கு அப்போது ஏறக்குறைய பதினோரு ரூபாய்.

நான் மதுரையில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். கணவர் செந்தில் துபாயில் எலக்ட்ரிக்கல் சூப்பர்வைசர். கல்யாணமாகி நான்கு வருடத்தில் அவர் லீவில் வந்துதான் பார்த்திருக்கிறேன். இந்தக் கோடை விடுமுறையில் நான் போவது என்று முடிவானது. கிளம்பும்போது இருந்த ஒரே கவலை அப்பா. அவருக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. முப்பத்தோரு வருடம் ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா இல்லை. அப்பாவின் கைச்சைகையை முழுதாகப் புரிந்துகொள்கிறவள் நான் ஒருத்திதான். தம்பி சரவணன் ஹாஸ்டலிலேயே படித்து வளர்ந்தவன். சாப்பாடு, தண்ணீர், தூக்கம் என்ற அளவுக்குத்தான் அவனுக்குச் சைகை தெரியும். மற்றதை நோட்டில் எழுதிக் காட்டுவான். அப்பாவுக்கு இடது கண்ணும் சின்ன வயதிலேயே போய்விட்டது. வலது கண் ஒன்றை வைத்துத்தான் எல்லாம்.

மதுரையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு பஸ்ஸில் ஏழு மணி நேரம், அங்கிருந்து விமானத்தில் நான்கு மணி நேரம். மதியம் ஒன்றரைக்கு இறங்கினேன். விமான நிலையத்திலிருந்து செந்தில் குடியிருக்கும் சத்வா பகுதிக்கு டாக்ஸிக்கு 48 திர்ஹாம். செந்திலின் ரூம், பழைய வில்லா ஒன்றைப் பலகை வைத்துத் தடுத்த பாகங்களில் ஒன்று. கீழே வரிசையாகத் தையல் கடைகள்.

அன்று மாலையே சிம் வாங்கினோம். பாஸ்போர்ட் நகலும் விசா நகலும் கட்டாயம். ஊரிலிருந்தே நான்கைந்து பிரதி எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். சுற்றுலா வருபவர்களுக்கான சிம் 90 திர்ஹாம், மூன்று மாதம் செல்லும். இந்தியாவுக்குப் பேச நிமிடத்துக்கு இரண்டரை திர்ஹாம் போல ஆகும். எஸ்.எம்.எஸ். ஒன்றுக்கு 90 ஃபில்ஸ், அதாவது பத்து ரூபாய். எனக்கு வேண்டியது எஸ்.எம்.எஸ். மட்டும்தான். என் போனில் தமிழ் எழுத்து வராது, அப்பாவுக்கு ஆங்கில எழுத்து தெரியாது. நான் சரவணனுக்கு அனுப்பினால் அவன் நோட்டில் எழுதி அப்பாவிடம் காட்டுவது என்று ஏற்பாடு. பன்னிரண்டு நாள் அது ஒழுங்காகவே நடந்தது.

பதின்மூன்றாம் நாள் திங்கட்கிழமை மாலை சரவணனே போன் செய்தான். அப்பாவுக்குக் காலையிலிருந்து கண் சிவந்து, தலைவலியும் வாந்தியும். முற்றிய புரை, கண்ணுக்குள் அழுத்தம் ஏறிவிட்டது, மருந்து விட்டு அழுத்தத்தைக் கொஞ்சம் இறக்கி நாளைக்கே ஆபரேஷன் செய்தாக வேண்டும், தள்ளத் தள்ளப் பார்வை போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபரேஷன் முடிந்தால் மறுநாள் காலை வரை கட்டு. அப்பா சம்மதிக்கவில்லை.

"நோட்டுல எழுதிக் குடுத்தா பக்கத்தத் திருப்பிப் போட்டுர்றாருக்கா. நீ வரணுமாம். நீ வந்து சொன்னாத்தான் படுப்பாராம்" என்றான்.

எனக்கு உடனே புரிந்தது. அந்த ஒரு கண்ணையும் கட்டிவிட்டால் அப்பாவுக்கு வெளியே எதுவுமே இல்லை. பக்கத்தில் ஆள் இருக்கிறாரா இல்லையா என்றுகூடத் தெரியாது. பயப்படுவதில் என்ன தப்பு?

செவ்வாய் காலை எட்டு மணிக்கே டிக்கெட் அலுவலகத்தில் போய் நின்றேன். ஸ்கூல் லீவு சீசன். சனிக்கிழமைதான் சீட் என்றார்கள். சனிக்கிழமை வரை அந்தக் கண் தாங்காது. நான் போக முடியாதென்றால் என் கையாவது அப்பாவுக்குத் தெரிய வேண்டும். இன்றைக்கு வெப்கேம் இருக்கிற இடத்தைப் பிடிக்காமல் ரூமுக்குத் திரும்புவதில்லை என்று செந்திலிடம் சொன்னேன். அவர் டூட்டிக்கு லீவு சொல்லிவிட்டு என்னோடு வந்தார்.

வீட்டுக்கு நெட் இணைப்பு வாங்க ரெசிடென்ஸ் விசாவும் வாடகை ஒப்பந்தமும் கேட்பார்கள். சுற்றுலா வருபவருக்கு நடக்காது. மால்களில் காபிக் கடை வைஃபை உண்டு, கார்டு வாங்கினால் மணிக்கு 15 திர்ஹாம். ஆனால் சொந்த லேப்டாப் வேண்டும், எங்களிடம் இல்லை. மூன்று கிலோமீட்டர் தள்ளி ஒரு ஹோட்டலில் கம்ப்யூட்டர் அறை இருந்தது. அரை மணிக்கு 30 திர்ஹாம் என்றார்கள். கேமரா கிடையாதாம்.

பஸ் நிலையம் பக்கத்தில் ஒரு நெட் கஃபே, மணிக்கு மூன்று திர்ஹாம். கல்லாவில் இருந்த பாகிஸ்தானி, "கேமரா ஹை, ஆவாஸ் மாஃபி" என்றார். படம் தெரியும், குரல் கிடையாது என்று அர்த்தம். நெட் வழியாகப் பேசுவதை அந்த நாட்டில் தடுத்து வைத்திருக்கிறார்கள். போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. குரல் வேண்டாம் பாய், எங்களுக்குப் படம் போதும் என்று செந்தில் சொன்னதும் அவர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார். அங்கே உட்கார்ந்தோம். மதுரையில் சரவணன் அப்பாவை ஆட்டோவில் தெருமுனை பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிவந்திருந்தான். திரையில் அப்பா வந்தார். ஆனால் அவர் கையைத் தூக்கினால் கை இருந்த இடத்தில் ஒரு சாம்பல் நிறக் கறைதான் தெரிந்தது. கறை நின்றபோது அவர் வேறு ஏதோ சொல்ல ஆரம்பித்திருந்தார். இருபது நிமிடம் போராடினேன். கண்ணை மூடி மூடித் திறந்தார். வலி என்று தெரிந்தது. சரவணனிடம் வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொன்னேன்.

அதற்குப் பிறகு இரண்டு கடை ஏறி இறங்கினோம். நான்காவதுதான் ஜமால் பாய் கடை. கீழக்கரைக்காரர், பதினெட்டு வருடமாக சத்வாவில் இருப்பவர். முன்னால் போன் கார்டு வியாபாரம், உள்ளே ஆறு கம்ப்யூட்டர். மணிக்கு ஐந்து திர்ஹாம். ஆறிலும் ஆள் இருந்தார்கள். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் வேலையை நிறுத்திவிட்டு முழுவதும் கேட்டார்.

"இந்த நேரத்துல உக்காந்தா இங்கயும் அப்படித்தான் வரும் தங்கச்சி. ஒரே லைனை ஆறு பேரு இழுக்குறாங்க. நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வாங்க. நான் ஒம்பதுக்குத்தான் தொறப்பேன். லைன் பூரா உங்களுக்குத்தான்."

இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தார். உடம்போடு ஒட்டின ஒரே நிறத்தில் துணி போட்டுக்கொண்டு, வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி உட்கார வேண்டும். பூப்போட்ட துணியும் பின்னால் ஆள் நடமாட்டமும் இருந்தால் படம் திணறும். மதுரைக்கும் இதையே சொன்னேன். சரவணன் பிரவுசிங் சென்டர்காரரை வீட்டுக்கே போய்ப் பார்த்து, எட்டரை மணிக்குக் கடையைத் திறக்க ஒப்புக்கொள்ள வைத்தான். நம் நேரம் அவர்களைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால்.

புதன் காலை ஏழு மணிக்கு நான் கறுப்புச் சுடிதாரில் உட்கார்ந்தேன். ஜமால் பாய் மற்ற ஐந்து கம்ப்யூட்டரின் கேபிளையும் கழற்றிப் போட்டார். அப்பா திரையில் வந்தார். இந்த முறை விரல்கள் தனித்தனியாகத் தெரிந்தன. நான் ஒவ்வொரு சைகையாக, நிறுத்தி நிறுத்திச் செய்தேன். அவரும் புரிந்துகொண்டு மெதுவாகச் செய்தார்.

முதலில் திட்டினார். நீ அங்கே இருக்கிறாய், இவர்கள் என் கண்ணை மூடப்போகிறார்கள் என்றார். பிறகு கேள்விகள். கத்தியை வைக்கும்போது அசையாதே என்று எப்படிச் சொல்வார்கள்? முடிந்தது என்று யார் சொல்வார்கள்? இருட்டில் என்னை விட்டுவிட்டு எல்லாரும் போய்விட்டால்?

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. முந்தின நாள் முழுக்க அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன், சரவணனுக்கும் இரவே போனில் சொல்லியிருந்தேன். உள்ளங்கையில் ஒரு தட்டு, அசையக் கூடாது. இரண்டு தட்டு, நன்றாகப் போகிறது. கோடு இழுத்தால் சாப்பாடு. வட்டம் போட்டால் டாக்டர் வந்திருக்கிறார். மணிக்கட்டைப் பிடித்தால் எழுந்துகொள்ளலாம். சரவணன் ஒரு நிமிடம்கூடக் கையை விட மாட்டான் என்றேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டார், சரவணன் அவர் கையில் செய்து பார்த்தான். சரவணன் போட்ட வட்டத்தை அப்பா பாத்ரூம் என்று எடுத்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார். மூன்று பேரும் சிரித்தோம். நான்கு தடவை செய்து பார்த்ததில் எல்லாம் சரியாக வந்தது.

அப்போது அப்பா தானாக ஒன்று சேர்த்தார். என் பெயருக்கு அவர் வைத்திருக்கும் சைகை, தாடையில் இரண்டு முறை விரலால் தொடுவது. அங்கே எனக்கு ஒரு தழும்பு உண்டு. நான் எஸ்.எம்.எஸ். அனுப்பும்போதெல்லாம் சரவணன் அதே மாதிரி அப்பாவின் தாடையில் தொட வேண்டும் என்றார். நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன் என்று இருட்டில் அவருக்குத் தெரிய வேண்டுமாம். எத்தனை முறை அனுப்புவாய் என்று கேட்டார். மணிக்கு ஒன்று என்றேன். சரி என்று தலையாட்டினார்.

அன்று மதியமே ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். வியாழன் காலை ஆபரேஷன். சரவணன் பச்சை அங்கி மாட்டிக்கொண்டு உள்ளே போய்க் கையைப் பிடித்துக்கொள்ள டாக்டர் அனுமதித்தார். நான் சத்வா ரூமில் கட்டிலில் உட்கார்ந்து மணிக்கு ஒன்று அனுப்பினேன். செய்தி எதுவும் கிடையாது, ஒரு புள்ளி மட்டும். மாலை நான்கு மணிக்குச் சரவணன் போன் செய்தான்.

"ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதுக்கா. உன் மெசேஜ் பத்து நிமிஷம் லேட்டானா அவரே தாடையத் தொட்டுக் காட்டிக் கேக்குறாரு."

வெள்ளிக்கிழமை கட்டு அவிழ்த்தார்கள். வெள்ளியன்று சத்வா நெட் கடைகளில் தொழிலாளர் கேம்ப்களிலிருந்து வரும் கூட்டம் அலைமோதும். ஜும்மா தொழுகைக்குக் கடையையும் மூடிவிடுவார்கள். காலையிலேயே போய்விடுங்கள். நாங்கள் போனது எட்டு மணிக்கு, ஜமால் பாய் அன்றும் எங்களுக்காக முன்னதாகவே திறந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்த அப்பா கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். சரவணனுக்குக் கை முரடு, உள்ளங்கை வலிக்கிறது என்று முதலில் புகார். பிறகு என் பின்னால் நிற்கும் தாடிக்காரர் யார் என்று கேட்டார். கடைக்காரர் என்றேன். ஜமால் பாய் கையைத் தூக்கி சலாம் வைத்தார். அப்பா எழுந்து நின்று பதிலுக்குக் கும்பிட்டார். தலை கேமராவுக்கு மேலே போய்விட்டதால் எங்களுக்குக் கும்பிட்ட கை மட்டும்தான் தெரிந்தது. அன்றைக்கு ஜமால் பாய் காசு வாங்க மறுத்தார். நான் விடவில்லை, ஐந்து திர்ஹாமை மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.

இனி போகிறவர்களுக்கு. பேச மட்டும் என்றால் சிம்மும் போன் கார்டும் போதும். முகம் பார்க்க வேண்டுமென்றால் நெட் கடை, அதுவும் காலையில் திறந்த உடனே, கூட்டம் சேருவதற்கு முன்னால். கடையில் விலையைக் கேட்பதற்கு முன்பு ஒரே லைனில் எத்தனை கம்ப்யூட்டர் ஓடுகிறது என்று கேளுங்கள். குரல் வேண்டுமானால் படத்தை நெட்டில் வைத்துக்கொண்டு போனைக் காதில் வையுங்கள். அங்கே எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

கடைசியாக ஒன்று, எனக்கே சொல்லிக்கொள்வது. கிளம்புவதற்கு முன்னால், ஊரில் இருப்பவரை ஒரு முறை அந்த பிரவுசிங் சென்டரில் கேமரா முன்னால் உட்கார வைத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அரை மணி நேர வேலை. நான் செய்யவில்லை. செவ்வாய்க்கிழமை நடந்திருக்க வேண்டிய ஆபரேஷன் வியாழக்கிழமை நடந்தது. அப்பாவுக்கு இப்போது நேரே இருப்பது நன்றாகத் தெரிகிறது, பேப்பர் படிக்கிறார். வலது ஓரத்தில் யாராவது வந்து நின்றால் மட்டும் தெரிவதில்லை. நாங்கள் எல்லாரும் அவருக்கு நேர் முன்னால் போய் நின்று பேசுகிறோம்.