டெல்ஃபா சொன்ன இடம்

எங்கள் ஊரில் காட்டுக்குப் போகிறவர்கள் போகும் இடத்தை உள்ளபடி சொல்ல மாட்டார்கள். மான் வேட்டைக்கு வடக்கே போகிறவன் தெற்கே போவதாகச் சொல்வான். கேட்டவனும் தலையை ஆட்டிவிட்டு, அப்படியானால் வடக்கேதான் என்று மனதுக்குள் வைத்துக்கொள்வான். இதில் யாருக்கும் வருத்தம் கிடையாது. அமெரிக்காவில், ஐடஹோ மலைகளுக்கு நடுவே, நாலாபுறமும் தேசிய வனம் சூழ்ந்த ஊர் எங்களுடையது. நல்ல இடம் ஒன்று வெளியே தெரிந்தால் அடுத்த கோடையில் அங்கே கூடாரங்கள் முளைத்துவிடும்.

ஆனாலும் டெல்ஃபா கங்கல் அளவுக்குப் பொய் சொல்ல இங்கே ஆள் இல்லை. ரொட்டி எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டால்கூட வேறு கடையைச் சொல்வார். கவுண்டி நிர்வாகத்தின் பனி அள்ளும் லாரியை வருஷக்கணக்கில் ஓட்டி ஓய்வு பெற்றவர். தனியாக வாழும் பெண். பெவ்வின் சாப்பாட்டுக் கடைக்கு வந்தால் மூலை மேஜையில் முதுகைச் சுவரில் சாய்த்துத்தான் உட்காருவார். தன் வண்டியைச் சாலையைப் பார்த்து நிறுத்தியிருப்பார். அந்தக் கடையில் நான் தட்டு எடுக்கிறேன், காப்பி ஊற்றுகிறேன். அதிகம் பேசமாட்டேன். அதனால் நான் பக்கத்தில் நிற்பதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை.

அவர் அப்படி ஆனதற்குக் காரணம் ஊருக்கே தெரியும். ஆற்றுப்பாலம் தாண்டியதும் காட்டுச் சாலை இரண்டாகப் பிரியும். வலப்பக்கச் சாலையின் கடைசியில் ஒரு வெந்நீர்ச் சுனையை டெல்ஃபா கண்டுபிடித்தார். தம்பி ஆரினை மட்டும் அழைத்துப்போய்க் காட்டினார். அடுத்த வருஷம் அவர் போனபோது சுனையைச் சுற்றி பீர் டப்பாக்கள், கரிந்த கட்டைகள், யாருடையதோ ஒற்றைச் செருப்பு. ஆரின் தன் கூட்டாளிகளைக் கூட்டிப்போயிருந்தான். அன்றைக்கே டெல்ஃபா தன் வீட்டுப் பூட்டை மாற்றினார். அக்காவும் தம்பியும் அதற்குப் பிறகு குளிர் எப்படி, மழை எப்படி என்று பேசுவதோடு சரி.

அதற்குப் பிறகு அவர் ஆட்களுக்குச் சோதனை வைக்க ஆரம்பித்தார். ஒரு வசந்தத்தில், கரிந்த மரக்கட்டைக்குப் பின்னால், பாறை ஓரமாக, நாலு எட்டில் காளான் கொட்டிக் கிடக்கிறது என்று பெவ்விடம் ரகசியமாகச் சொன்னார். சனிக்கிழமை பெவ்வும் அவள் புருஷனும் கூடையோடு போய்த் தேடு தேடு என்று தேடினார்கள். ஒரு காளான் இல்லை. திங்கட்கிழமை டெல்ஃபா கடைக்கு வந்து, "கூடை நெறஞ்சுதா பெவ்?" என்று கேட்டார். மேலே சரிவில் படுத்துக்கொண்டு தூரக்கண்ணாடியில் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்.

"எம் புருஷன் மரத்துக்குப் பின்னாடி ஒதுங்குனதைக்கூடப் பாத்துட்டா அந்த மகராசி" என்று பெவ் இன்றும் சொல்லிச் சிரிப்பாள்.

இப்படிப்பட்டவர், ஜனவரியில் தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போய் நாலைந்து இரவு தங்கப்போகிறேன் என்று சொன்னபோது கடையில் ஒருவரும் அதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை.

"குளிர்ல எதுக்குடி போறே? அங்க எவனாவது காத்துட்டு இருக்கானா?" என்றாள் பெவ்.

"இருந்தா உங்கிட்டச் சொல்லிட்டா போவேன்?"

"சரி, எந்தப் பக்கம்?"

"தெக்கே. வில்லோ மேட்டுப் பக்கம். பனிச்சறுக்கு வண்டிக்காரங்க தடம் போட்டு வெச்சிருப்பாங்க, சுலபம்."

பெவ் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். தெற்கு இல்லை என்பது முடிவாயிற்று.

நவம்பர் முழுக்க அந்த மூலை மேஜையில் ஏற்பாடு நடந்தது. வரைபடத்தை விரித்து வைத்திருப்பார். யாராவது நெருங்கினால் சாப்பாட்டுத் தட்டை அதன்மேல் நகர்த்துவார். எந்தச் சாலைக்கு வனத்துறை எப்போது கேட் போடுகிறது என்று தொலைபேசியில் கேட்கும்போதுகூட நாலைந்து சாலைகளின் பெயரைச் சேர்த்துக் கேட்பார், அலுவலகத்தில் இருப்பவருக்கும் எது என்று தெரிந்துவிடக் கூடாதாம். வண்டியின் பின்பகுதியில் பலகை அடித்துப் படுக்கை போட்டார். சிலிண்டர் அடுப்பு கடுங்குளிரில் சிணுங்கும் என்று பெட்ரோல் அடுப்பாக மாற்றினார். மாட்டுக்கறியும் பீன்ஸும் போட்ட குழம்பைப் பைகளில் தட்டையாக ஊற்றி உறையவைத்தார். தண்ணீர்க் கேனைத் தலைகீழாக வைக்க வேண்டும், அப்போதுதான் ஐஸ் அடிப்பக்கம் கட்டும், வாய் அடைக்காது என்று ஒருநாள் என்னிடம் தானாகவே சொன்னார். சொன்னதும், ஏன் சொன்னோம் என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்கும் சந்தேகங்கள் இருந்தன. தடம் போட்ட சாலைக்குப் போகிறவருக்கு நாலு சக்கரத்துக்கும் சங்கிலி எதற்கு? ஆபத்தென்றால் செய்தி அனுப்பும் செயற்கைக்கோள் கருவி ஒன்றை வாங்கச் சொன்னதற்கு, "மேல இருந்து எவனாவது நான் எங்க இருக்கேன்னு பாத்துட்டே இருக்கவா?" என்றார். போகிறவர் திரும்பி வரும் எண்ணத்தில்தான் போகிறாரா என்றுகூட ஒருநாள் பயந்தேன். பிறகு அவர் பங்க்கில் இரண்டு கேன்களில் கூடுதல் பெட்ரோல் பிடிப்பதைப் பார்த்தேன். திரும்பும் எண்ணம் இல்லாதவர் திரும்புவதற்கு எண்ணெய் வாங்கமாட்டார் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள், பெவ் வங்கிக்குப் போன நேரமாகப் பார்த்து வந்தார். காப்பி கேட்கவில்லை. சாவி ஒன்றை மேஜைமேல் வைத்தார்.

"இந்த ஊர்ல வாயத் தெறக்காதவ நீ ஒருத்திதான். தெனம் காலைல எங்க வீட்டு அடுப்புல ரெண்டு கட்டை போடு. இல்லேன்னா தண்ணிக் குழாய் உறைஞ்சு வெடிச்சிரும். வேற எதையும் தொடாதே."

"சரி."

"எடப்பக்க ரோடு. ரெண்டாவது பாலம் தாண்டி. ஞாயித்துக்கிழமை சர்ச் விட்டு ஆளுங்க இங்க காப்பிக்கு வர்றப்ப நானும் வந்துருவேன். வரலேன்னா போலீஸ் டெபுடிக்குப் போன் பண்ணு. ஆரின்கிட்ட மட்டும் மூச்சு விடாதே. சொல்லு பாப்போம், எங்கே?"

"எடப்பக்கம். ரெண்டாவது பாலம் தாண்டி."

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கொடுத்த சாவியைத் திரும்பக் கேட்டுவிடுவாரோ என்று தோன்றியது. பிறகு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலை அவர் வீட்டுக் கதவைத் திறந்தேன். அடுப்புக்குப் பக்கத்தில் கட்டைகள் அடுக்கியிருந்தன. படுக்கையறை வாசலில் தரை லேசாக வெளுத்திருந்தது. குனிந்து பார்த்தேன். கோதுமை மாவு. சல்லடையில் சலித்தாற்போல் தூவியிருந்தார். காலை வைத்தால் தடம் பதியும். எனக்குச் சுருக்கென்றது. இதுவும் சோதனைதானா? அப்படியானால் எனக்குச் சொன்ன இடமும் சோதனையா? நான் யாரிடமாவது உளறி அவர்கள் இடப்பக்கச் சாலைக்குப் போனால், எங்கேயோ உட்கார்ந்து தூரக்கண்ணாடியில் பார்க்கப்போகிறாரா?

வெள்ளிக்கிழமை பெரும் காற்று அடித்தது. சனிக்கிழமை முழுக்கப் பனி கொட்டியது. ஞாயிறன்று சர்ச் விட்டு எல்லோரும் வந்தார்கள், காப்பி குடித்தார்கள், போனார்கள். மூலை மேஜை காலியாக இருந்தது. பெவ் அங்கே யாரையும் உட்காரவிடவில்லை.

நான் டெபுடிக்குப் போன் போட்டேன். கணவாயில் பனி சரிந்து சாலையை மூடிவிட்டதாம், அவர் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தார். "பனிச்சறுக்கு வண்டி அங்க ஆரின்கிட்டதான் இருக்கு. அவங்கிட்டச் சொல்லு. இன்னிக்கு ராத்திரி குளிர் பயங்கரமா எறங்கப்போவுது" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஆரின் எனக்கு நாலடி தள்ளித்தான் முட்டை தின்றுகொண்டிருந்தான். நான் போய் அவன் முன்னால் நின்றேன். வாக்கு கொடுத்திருந்தேன். ஆனால் வாக்கைக் காப்பாற்றினால் அவரைக் காப்பாற்ற முடியாது. சொன்னேன்.

அவன் கையைத் துடைத்துக்கொண்டு உடனே எழுந்தான். "எடப்பக்கமா? உங்கிட்டச் சொன்னாளா?"

"ஆமா."

"அப்ப வலப்பக்கம். பழைய சுனைக்குப் போயிருக்கா. குளிர்ல எவனும் வரமாட்டான்ல, தனியாக் கெடக்கலாம்னு."

"எங்கிட்ட எடப்பக்கம்னுதான் சொன்னாங்க."

"ஏம்மா நெட்டி, எங்க அக்கா உண்மையான எடத்தை ஒருத்தர்கிட்டச் சொல்லி நீ கேட்டிருக்கியா? பெவ்வக் கேளு, காளான் கதை சொல்லுவா."

"நாலு எட்டுன்னு அளந்து வேற சொன்னாளே பாவி" என்றாள் பெவ். ஆனால் அவள் சிரிக்கவில்லை.

காற்று தடங்களை அழித்திருக்கும். இரண்டு சாலையும் நீளம். இருட்டுவதற்குள் ஒன்றைத்தான் பார்க்க முடியும். ஆரின் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தான். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இது என்ன?"

"அவங்க வீட்டுச் சாவி. அடுப்பு எரிக்கச் சொல்லிக் குடுத்தாங்க."

ஆரின் அதைத் தொடவில்லை. பூட்டு மாற்றியபின் அவன் அந்த வீட்டுப் படியேறியதில்லை.

"சோதனையாவும் இருக்கலாம்" என்றேன். மறைக்க மனமில்லை. "படுக்கையறை வாசல்ல மாவு தூவியிருக்காங்க."

"மாவா?" அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீ உள்ள போறியான்னு பாக்கவா?" சிரித்துக்கொண்டே இருந்தவன் நின்றான். சாவியைப் பார்த்தான். "காளான் சொன்ன எடத்துல காளான் இருந்துதா பெவ்?"

"ஒரு குடைகூட இல்ல."

"அதான். எங்க அக்கா தூண்டில்ல எரை வெக்க மாட்டா. வெறும் முள்ளுதான். எதையும் எழக்க மாட்டா. ஆனா வீடு நெஜமான வீடு. இவமேல நம்பிக்கை இல்லாம மாவு தூவியிருக்கா, இருந்தும் சாவியக் குடுத்திருக்கா. அப்ப சொன்ன எடமும் நெஜமாத்தான் இருக்கும்." அவன் கதவை நோக்கி நடந்தான். "நீயும் வா. பொய்யா இருந்தா நீதான் அவளுக்குப் பதில் சொல்லணும்."

பனிச்சறுக்கு வண்டியில் நான் அவன் பின்னால் உட்கார்ந்து போனேன். அதற்கு முன் அந்த வண்டியில் ஏறியதில்லை. சாலை பிரியும் இடத்தில் பனி இரு பக்கமும் வழித்துவிட்டாற்போல் இருந்தது. ஆரின் வலப்பக்கமே பார்த்தான். பிறகு இடப்பக்கம் திருப்பினான். முதல் பாலம் வந்தது. ஒன்றும் இல்லை. இரண்டாவது பாலத்தைத் தாண்டியதும் சாலைக்குக் குறுக்கே பைன் மரங்கள் சாய்ந்து கிடந்தன. ஆரின் வண்டியை நிறுத்தி நாலாபுறமும் பார்த்தான்.

"ஏமாத்திட்டா. மேல எங்கேயாவது படுத்துட்டு நம்மளப் பாத்துட்டு இருக்கா."

நான் இறங்கி முன்னே போனேன். முதல் மரத்துக்கு அந்தப் பக்கம் கிளைகளின் அடியில் பனி மஞ்சளாக இருந்தது. கையில் எடுத்தேன். மரத்தூள். யாரோ கைரம்பத்தால் அறுத்திருந்தார்கள்.

இரண்டு பேரும் மரங்களை ஏறித் தாண்டினோம். கொஞ்ச தூரத்தில் அவர் வண்டி நின்றது. அதற்குக் கீழே பாறைகளுக்கு நடுவே, ஊரில் யாருக்கும் தெரியாத இன்னொரு வெந்நீர்ச் சுனையிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. போர்வையைத் தலைவரை போர்த்திக்கொண்டு, கால்களைச் சுனையில் விட்டபடி டெல்ஃபா உட்கார்ந்திருந்தார். வலது மணிக்கட்டு வீங்கி, அறுத்த மரத்துண்டு ஒன்றின் பட்டையோடு சேர்த்துக் கட்டியிருந்தது. உதடு வெடித்திருந்தது. எங்களைப் பார்த்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்.

"இவனுக்கு யாரு சொன்னது?"

"நான்தான்" என்றேன்.

"டெபுடின்னுதானே சொன்னேன்?"

"கணவாய் மூடிடுச்சு."

அவர் என்னையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தார். ஆரின் தன் மேற்கோட்டைக் கழற்றி அவர்மேல் போட்டான்.

"மரம் எப்ப விழுந்துச்சு?"

"வெள்ளிக்கிழமை. ஒண்ணை அறுத்தேன். ரெண்டாவது உருண்டு கைமேல வந்துடுச்சு." பிறகு குரலைத் தாழ்த்தி, "வலப்பக்கம்தானே மொதல்ல போனே?" என்றார்.

"இல்ல. நேரா இங்கதான்."

"பொய்" என்றார் டெல்ஃபா. ஆனால் தம்பி தோளில் கை போட்டுத்தான் எழுந்தார்.

கையில் கட்டோடு அவர் வீடு திரும்பியபோது நானும் கூடப் போனேன். நேராகப் படுக்கையறை வாசலுக்குப் போய்க் குனிந்து பார்த்தார். மாவு கலையாமல் இருந்தது.

"உள்ள என்ன இருக்குன்னு பாக்கணும்னு தோணலியா ஒனக்கு?"

"தெனமும் தோணுச்சு."

அவர் 'ம்' என்றார். துடைப்பத்தை எடுத்து இடது கையால் மாவைக் கூட்ட ஆரம்பித்தார். நான் வாங்கிக் கூட்டினேன். சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுக் கிளம்பியபோது, "அதை எதுக்கு இங்க வெக்கிறே? கட்டை போட யாரு வருவா?" என்றார்.

கோடை வந்தது. யார் யார் தன் புதுச் சுனையைத் தேடி வருகிறார்கள் என்று பார்க்க டெல்ஃபா சரிவில் போய்ப் படுத்துக் கிடந்தார். ஆரின் மட்டும் ஒருமுறை வந்தானாம், தனியாக. சுனைக்குத் திரும்பும் தடத்துக்குக் குறுக்கே ஒரு பெரிய கட்டையை இழுத்துப் போட்டு, கிளைகளைப் பரப்பி, வழியே தெரியாதபடி மூடிவிட்டுப் போனானாம். இதைக் கடையில் மூலை மேஜையில் உட்கார்ந்து என்னிடம் சொன்னார்.

"கூப்பிட்டுப் பேசுனீங்களா?" என்று கேட்டேன்.

"எதுக்கு?" டெல்ஃபா ஜன்னல் வழியே, எதிர் நடைபாதையில் போய்க்கொண்டிருந்த தம்பியைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "யாருக்குத் தெரியாம மறைக்கிறான்னு மொதல்ல தெரிய வேண்டாமா?"