விட்டால் எந்த வண்டி?

சுருளியப்பன் அண்ணன் காலமான செய்தி, மலை எஸ்டேட்டில் இருந்த எனக்குக் காலையிலேயே வந்துவிட்டது. போடியிலிருந்து ஏறி வந்த ஜீப்பு டிரைவர் சொன்னார்: "அண்ணே, ஒங்க மண்டிச் சுருளியப்பன் போய்ச் சேந்துட்டாராம். மூணு மணிக்கு எடுக்குறாங்களாம்."

ஏலக்காய் மண்டியில் அவர் மூட்டை அனுப்பும் குமாஸ்தா. நான் மூட்டைகளுக்கு விலாசம் எழுதுகிறவன். மண்டியில் யார் தூரப் பயணம் புறப்பட்டாலும் ரயில் அட்டவணைப் புத்தகத்தைப் புரட்டி ஒரு தாள் எழுதித் தருவார். ஒவ்வொரு வண்டிக்கும் கீழே 'விட்டால்' என்று போட்டு, அடுத்த வண்டியையும் குறித்திருப்பார். பயந்தாங்கொள்ளி என்று மண்டிக்காரர்கள் நாம் எல்லாரும் அவரைக் கேலி செய்ததை மறந்திருக்க மாட்டீர்கள். "பயந்தவன் ஊரு போயிச் சேந்துருவான் அப்பு" என்று சிரிப்பார்.

பம்பாயில் மில் வேலை பார்த்த என் தம்பிக்கு வயிற்றில் ஆபரேஷன் என்று ஒரு திங்கட்கிழமை காலையில் தந்தி வந்தது. வியாழன் காலைக்குள் உறவுக்காரர் வந்து கையெழுத்துப் போட வேண்டும். மதுரையைத் தாண்டாத நான், நானே ஒரு தாளில் திட்டம் போட்டேன். மெட்ராஸில் இறங்கி, முக்கால் மணி நேரத்தில் பம்பாய் வண்டி. நடுவில் காபி குடிக்கலாம் என்றுகூட நினைத்திருந்தேன்.

அண்ணன் தாளைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "எழும்பூர்ல எறங்குற மூட்டைய வண்டி பிடிச்சு சென்ட்ரலுக்கு ஏத்திவிடுறோம்ல. தெனமும் அந்த விலாசத்த எழுதுறவன் நீ. மூட்டைக்குத் தெரிஞ்சது ஒனக்குத் தெரியலையே."

நான் எழுதியிருந்த போடி ரயிலை அவர் அடித்துவிட்டு, பஸ்ஸில் மதுரைக்குப் போய் முந்தின வண்டியைப் பிடிக்கும்படி மாற்றி எழுதினார். பம்பாய் டிக்கெட்டை எடுத்து வைக்கச் சொல்லி மெட்ராஸ் வியாபாரிக்குத் தந்தி கொடுத்தார். வழியனுப்ப வந்த அண்ணன் ஜன்னலோரம் நிற்க, பஸ் ஏறியதும் தாளைப் படித்தேன். கடைசி வரி, 'புதன் மாலை, ஆஸ்பத்திரி.' அதன் கீழே 'விட்டால்' என்று எழுதி, அப்படியே விட்டிருந்தார்.

"அண்ணே, இங்க ஒண்ணும் எழுதலையே?"

"அதுக்கு எங்கிட்ட மாத்து வண்டி இல்லப்பா. வெரசா போ."

முந்தின வண்டியே எழும்பூருக்கு ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் வந்தது. அப்படியும் சென்ட்ரலுக்கு ஓடிப் பம்பாய் வண்டியைப் பிடித்தேன். தம்பி பிழைத்தான்.

இதெல்லாம் தெரிந்த நான் அன்று மலையில் என்ன செய்தேன்? "லோடு ஏறட்டும், சேந்தே போயிருவோம்" என்றார் டிரைவர். நேரம் இருக்கிறதே என்று நானும் உட்கார்ந்துவிட்டேன். இறங்கும் வழியில் மண் சரிந்து கிடந்தது. அதை வெட்டித் தள்ளும்வரை ஜீப்பில் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. போடிக்கு வந்தபோது நீங்கள் எல்லாரும் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு திரும்பிக்கொண்டிருந்தீர்கள்.

அந்தப் பம்பாய்த் தாள் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதன் அடியில், 'மூன்று மணி, அண்ணன் வீடு' என்று நானே எழுதினேன். கீழே 'விட்டால்' என்றும் போட்டேன். அதற்குமேல் எனக்கும் எழுத ஒன்றும் இல்லை.