முதுகுக்குள் ஒட்டிய தாள்

எனக்குப் பொறுமை கிடையாது. கொஞ்சம் இருந்திருந்தால் அம்மாவின் கையெழுத்து இன்றைக்கும் என் கண்ணெதிரே இருந்திருக்கும்.

அறுபதுகளின் கடைசி. கிருஷ்ணகிரியில் டீச்சர் வேலை. சனிக்கிழமை மதியம் பஸ் பிடித்துச் சூளகிரிக்கு அப்பாவிடம் போய்விடுவேன். அம்மா இறந்து வருஷம் முடிய ஒரு மாதம் இருந்தது. அவள் கோயிலுக்குக் கொண்டுபோகும் ஜெபப் புத்தகம் அட்டை கழன்று கிடந்தது. வீட்டுப் பிறப்பு, ஞானஸ்நானம், சாவு எல்லாவற்றையும் அதில்தான் எழுதி வைப்பது எங்கள் வழக்கம். "வருஷப் பூசைக்குள்ள பைண்ட் பண்ணிக் கொண்டா பாப்பா" என்று அப்பா கொடுத்தனுப்பினார்.

கடைத்தெருவில் அச்சாபீஸை ஒட்டி ஒரு பைண்டர் இருந்தார். வீட்டில் கன்னடம் பேசுகிறவர். தமிழை நிதானமாகப் பேசுவார். அந்த நிதானம்தான் எனக்கு ஆகாது. நான் பஸ்ஸுக்குப் பறந்துகொண்டிருக்க, அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"புஸ்தக முதுகுக்குத் தோலா, துணியா டீச்சரம்மா?"

"துணி."

"நாலு மூலைக்கும் துணி வெச்சிரட்டுங்களா? கீழ விழுந்தா மூலைதான் மொதல்ல மடங்கும்."

"வைங்க."

"அட்டைக்கு உள்பக்கம் ஒட்டற தாள்? முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு. அதுங்கதான் அட்டையப் பிடிச்சிக்கினு இருக்குது. ரெண்டும் பூச்சி அரிச்சிருக்குதுங்க."

முன்தாளில் அப்பா முத்து முத்தாக எழுதிய குடும்ப விவரம் இருந்தது. "முன்னால இருக்கறத மட்டும் தொடாதீங்க. மத்ததெல்லாம் புதுசாப் போடுங்க" என்று சொல்லிவிட்டு ஓடினேன். பின்னட்டையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை புத்தகம் தயார். முதுகிலும் மூலைகளிலும் நீலத் துணி. பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்பா தான் எழுதியதைப் பார்க்கவே இல்லை. நேராகப் பின்னட்டையைத் திறந்தார். உள்ளே வெள்ளைத் தாள்.

"இங்க உங்கம்மா எழுதியிருந்தாளே" என்றார்.

சின்ன வயதில் நானே அதைப் படித்திருக்கிறேன், அவசரத்தில் நினைப்பே வரவில்லை. அம்மா கல்யாணத்துக்குப் பிறகுதான் எழுதப் பழகினாள். அப்பாவை விட்டு எங்கும் போனதில்லை, அதனால் கடிதம் என்று ஒன்றும் கிடையாது. அவள் கைப்பட எழுதியது, நான் பிறந்ததைப் பற்றி அந்தப் பின்தாளில் இருந்த ஒரே வரிதான்: "செவ்வாய்க்கிழமை பெண் பிறந்தாள், நல்ல மழை."

திங்கட்கிழமை புத்தகத்தோடு பைண்டரிடம் போய், கண் இல்லையா என்று கத்தினேன். நீங்கள் சொன்னதைத்தானே செய்தேன் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதுதான் அதிகமாகச் சுட்டது.

"எழுத்து இருக்கற தாள நான் குப்பையில போடறதில்லைங்க. சாமி புஸ்தகம் வேற. முதுகுத் துணிக்கு அடியில, பலத்துக்கு வெச்சி ஒட்டிட்டேன்."

"எடுத்துக் குடுங்க."

"பசை நல்லாப் பிடிச்சிருக்கும். தண்ணி வெச்சி ஊறவெச்சாத்தான் வரும். பேனா மை, கரைஞ்சிடும்மா." புத்தகத்தை என் பக்கம் நகர்த்தினார். "பிரிக்கட்டுங்களா? நீங்களே சொல்லுங்க."

புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை நான் சொன்னதையெல்லாம் அப்பா கேட்டுவிட்டு, நீலத் துணியின் மேல் உள்ளங்கையை வைத்தார். "உள்ளதான இருக்குது. இருக்கட்டும் விடு." என்னைத் திட்டியிருந்தால் தேவலை. அன்றிலிருந்து பூசையில் அவர் புத்தகத்தைப் பிடிக்கும் விதம் மாறிவிட்டது. பக்கம் புரட்டும்போதும் ஒரு கை முதுகை விடாது.

இப்போது அது என்னிடம் இருக்கிறது. எனக்கும் அப்படியே பிடிக்க வந்துவிட்டது. மூன்று தடவை பிளேடைக் கையில் எடுத்து, மூன்று தடவையும் வைத்துவிட்டேன். அம்மா என்ன எழுதினாள் என்பது மனப்பாடம். அந்த எழுத்து சாய்வாக இருந்ததா, நேராக இருந்ததா என்பதுதான் மறந்துபோய்விட்டது. ஒரே ஒரு தடவை பார்த்தால் போதும் எனக்கு.